மானம் போன மாலைப்பொழுது



எங்கள் ஊர்ச் சிவாலயத்தில் பிரதோஷ வேளையில் நந்தியெம்பெருமானுக்கு வலப்புறத் தூணருகே இருவரை எப்போதும் காணலாம். ஒருவன் நான். மற்றவர் என்னைவிட எட்டு வயது மூத்தவர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வளர்பிறையானாலும் தேய்பிறையானாலும், திரயோதசி நாளில் மாலை நான்கு மணிக்கு என் வீட்டு வாசலில் அவர் குரல் கேட்கும். "மேனேஜர், கணக்கை முடித்தாயிற்றா? புறப்படலாமா?" என்பார். நான் வங்கியை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆகியும் அவர் அந்த அழைப்பை மாற்றிக்கொள்ளவில்லை. நானும் அவரை "சார்" என்று அழைப்பதை மாற்றிக்கொள்ளவில்லை.

சென்ற ஆண்டு ஒரு பிரதோஷத்திற்கு அவர் வரவில்லை. முழங்கால் வலி என்றார். அடுத்த பிரதோஷத்திற்கும் அதே வலி. மூன்றாவது முறை ஜலதோஷம். நான்காவது முறை தொலைபேசியை அவர் எடுக்கவே இல்லை. இருபத்தெட்டு ஆண்டுகள் கடன் விண்ணப்பங்களைப் பார்த்தவனுக்கு, ஒரே மனிதர் தவணைக்கொரு காரணம் சொன்னால் உண்மைக் காரணம் வேறு என்பது தெரியாமற்போகுமா? அன்று மாலையே அவர் வீட்டிற்குச் சென்றேன்.

ஆளே இளைத்திருந்தார். அவருடைய துணைவியார் எனக்குக் காப்பியும் அவருக்கு ஒரு குவளைத் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். அவர் அந்தக் குவளையை மெல்ல ஒதுக்கி வைத்தார். "பாருங்கள், தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். நேற்றுக் காலை கட்டிலிலிருந்து எழுந்தபோது தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். என்னவென்று கேட்டால் வாய் திறப்பதில்லை. நீங்களாவது கேளுங்கள்" என்று சொல்லிவிட்டு அம்மையார் உள்ளே சென்றுவிட்டார்.

நெடுநேரம் மௌனமாக இருந்தவர், தரையைப் பார்த்தபடியே சொன்னார். நான் வெளியூர் சென்றிருந்த ஒரு பிரதோஷ நாள். கூட்டம் மிகுதி. நந்திக்கு அபிஷேகம் நடந்துகொண்டிருக்கும்போதே அவருக்குச் சிறுநீர் முட்டியிருக்கிறது. சில மாதங்களாகவே அந்த உபாதை உண்டாம். நெரிசலை விலக்கிக்கொண்டு வெளியே செல்ல இயலவில்லை. தீபாராதனை மணி ஒலித்த அந்தக் கணத்தில் உடம்பு அவர் சொற்படி கேட்கவில்லை. வேட்டி நனைந்துவிட்டது. பின்னால் நின்ற பெண்மணியிடம், "பால்குடம் தளும்பிவிட்டது அம்மா" என்று சமாளித்திருக்கிறார். அந்த அம்மாளின் கையிலிருந்த சிறுவனோ உண்மையை உரத்த குரலில் அறிவித்துவிட்டான்.

"நாற்பது ஆண்டு காலம் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் கற்பித்தவன் நான். ஒரு குழந்தையின் முன்னால், அதுவும் ஈசுவரன் சந்நிதியில், இப்படியாகிவிட்டது. இனி எந்த முகத்தோடு அங்கே வருவேன் மேனேஜர்? சந்நிதியையே அசுத்தப்படுத்திவிட்டேனே" என்றபோது அவர் குரல் உடைந்தது. வெளியே செல்ல நேருமோ என்ற அச்சத்தில்தான் தண்ணீரையும் குறைத்துக்கொண்டிருக்கிறார்.

"இதெல்லாம் சகஜம் சார்" என்று சொல்ல வாயெடுத்தேன்; சொல்லவில்லை. அடிபட்டவருக்கு அச்சொல் ஆறுதலாகாது. ஒருவர் தம் வெட்கத்தை நம்மை நம்பி ஒப்படைக்கும்போது, நாமும் பதிலுக்கு ஏதேனும் ஈடு வைக்க வேண்டும் என்று தோன்றியது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எவரிடமும் சொல்லாமல் பூட்டி வைத்திருந்த ஒன்று என்னிடமும் இருந்தது. அதை எடுத்து அவர்முன் வைத்தேன்.

1989ஆம் ஆண்டு. காவிரிக் கரையில் ஒரு சிற்றூர்க் கிளைக்கு மேலாளராக மாற்றலாகிச் சென்றிருந்தேன். இளவயது, பதவியின் மிடுக்கும் சற்று உண்டு. பங்குனி உத்திர விழாவில் இரவு சுவாமி புறப்பாடு. ரிஷப வாகனத்தைத் தோளில் சுமப்பவர்களுள் ஒருவர் காய்ச்சலால் வரவில்லை. "நான் தோள் கொடுக்கிறேன்" என்று முன்வந்தேன். அதில் பக்தி பாதி என்றால், ஊர்ப் பெரியவர்களின் கண்ணில் பட்டால் வைப்புத்தொகை பெருகும் என்ற எண்ணம் மற்றொரு பாதி. இறைவன் அந்த இரண்டாவது பாதியைக் குறித்துக்கொண்டான் போலும்.

கஞ்சி மொடமொடக்கும் புதுவேட்டி. இரு கைகளாலும் தண்டைப் பற்றியிருந்தேன். ஒருவர் கையை எடுத்தாலும் வாகனம் ஒரு பக்கம் சாயும். கடைத்தெரு முனையில், எங்கள் கிளையிலேயே பெருந்தொகை போட்டிருந்த வாடிக்கையாளரின் வீட்டு வாசலில், என் வேட்டி நெகிழத் தொடங்கியது. சுவாமியை விடுவதா, வேட்டியை விடுவதா என்று முடிவெடுக்க எனக்கு அவகாசம் இருந்தது இரண்டே அடி தூரம். சுவாமியை விடவில்லை. வேட்டி போயிற்று. தீவட்டி வெளிச்சத்தில், நீலக்கோடு போட்ட பட்டாபட்டியோடு, மேலாளராகிய நான் சுவாமியைச் சுமந்துகொண்டு நிற்கிறேன். நாதஸ்வரக்காரர் எவ்வளவோ அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரிப்பு சீவாளிக்குள் புகுந்து, கேட்டறியாத ஓர் ஒலி எழுந்தது. அவ்வளவுதான், தெருவே கொல்லென்று சிரித்தது.

ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. தீவட்டி பிடித்து வந்த முதியவர், தீவட்டியைப் பக்கத்திலிருந்தவர் கையில் கொடுத்துவிட்டு, தம் தோளிலிருந்த துண்டை எடுத்து என் இடுப்பில் சுற்றி இறுக முடிச்சிட்டார். ஒரு வார்த்தையும் பேசாமல் மீண்டும் தீவட்டியை வாங்கிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் விடுப்பு எடுத்துவிடலாமா என்று எண்ணினேன். ஆனால் பெட்டகத்தின் சாவிகளுள் ஒன்று என்னிடம் அல்லவா இருந்தது! கிளைக்குச் சென்று, எவரையும் நிமிர்ந்து பாராமல் பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகைக்கடனுக்கு வட்டி கட்ட வந்த மூதாட்டி ஒருவர் நேராக என் மேசைக்கு வந்தார். சுருக்குப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வைத்தார். பிரித்துப் பார்த்தேன். திருவிழாக் கடையில் வாங்கிய அரைஞாண் கயிறு! "சாமி தூக்குறதுக்குத் தோள் மட்டும் போதாது தம்பி, இடுப்பும் ஒத்துழைக்கணும். அடுத்த வருசம் இதைக் கட்டிக்கிட்டு வா" என்றார். கேலி செய்யும் முகமே அன்று. பேரனுக்கு வாங்கி வந்ததைப் போல அத்தனை அக்கறை.

நான் இதைச் சொல்லி முடித்தபோது தலைமையாசிரியரின் தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. அழுகிறாரோ என்று ஒரு கணம் பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தார். "பட்டாபட்டி என்றா சொன்னீர்? நீலக்கோடா?" என்று கேட்டு மீண்டும் சிரித்தார். கண்களில் நீர் வழிந்தது. பின்னர், தமக்குத் தாமே சொல்வதுபோல் ஒன்று சொன்னார். "ஒன்றாம் வகுப்பில் ஆண்டுதோறும் நாலைந்து பிள்ளைகளுக்கு இப்படி நேரும், மேனேஜர். பயத்திலே நேரும், கேட்க வெட்கப்பட்டு நேரும். மாற்று நிக்கர் போட்டு உட்கார வைப்போம். அவர்களில் ஒருவனையாவது குற்றவாளி என்று நான் நினைத்ததுண்டா?" கை தானாகவே நீண்டு தண்ணீர்க் குவளையை எடுத்தது. கதவருகில் நின்றிருந்த அம்மையார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் மட்டுமே பார்த்தேன்.

வீட்டிற்குத் திரும்பியதும் என் மனைவியிடமும் அந்தக் கதையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். தொடங்கிய இரண்டாவது வாக்கியத்திலேயே அவள், "கடைத்தெரு முனையில்தானே?" என்றாள். திகைத்துப் போனேன். மறுநாள் காலை பால்காரம்மாவே முழுக் கதையையும் நடித்துக் காட்டிவிட்டாளாம். "அதற்கு அடுத்த வாரம் உங்கள் பட்டாபட்டி எல்லாம் எங்கே போயின என்று ஒரு நாளாவது யோசித்தீர்களா?" என்று கேட்டாள். உண்மைதான். பெட்டியில் திடீரென்று எல்லாம் வெள்ளையாக மாறியிருந்தன. நான் காரணம் கேட்கவில்லை. "ஏன் இத்தனை காலம் சொல்லவில்லை?" என்றேன். "நீங்களாகச் சொல்லும்போது சேர்ந்து சிரிக்கலாம் என்று இருந்தேன். கொஞ்சம் தாமதமாகிவிட்டது" என்றாள். ஊரறிந்த ஒன்றை இரகசியம் என்று பூட்டி, அந்தப் பூட்டுக்கு முப்பது ஆண்டுகள் காவலிருந்த மேலாளர் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்!

அன்பர்களே, இடுக்கண் வரும்போது நகைக்கச் சொன்னவர் வள்ளுவர். பிறருக்கு இடுக்கண் வரும்போது நகைக்க அவர் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடலாகாது. என் தலைமையாசிரியரைப் பார்த்து நான் முதலில் சிரித்திருந்தால் அது கொடுமை. என்னைப் பார்த்து நானே சிரித்ததனால்தான் அவரும் தம்மைப் பார்த்துச் சிரிக்க முடிந்தது. வெட்கக் கதையின் சாவி அதற்கு உரியவரிடம்தான் இருக்க வேண்டும். அவராகத் திறந்தால் நாம் உள்ளே செல்லலாம்.

காந்தியடிகள் அந்தச் சாவியைத் தயங்காமல் திருப்பியவர். பம்பாய் சிறுவழக்கு நீதிமன்றத்தில் முப்பது ரூபாய் கட்டணத்திற்கு ஒரு வழக்கை ஏற்று, குறுக்கு விசாரணைக்காக எழுந்து நின்றவருக்குத் தலை சுற்றியது. ஒரு கேள்வியும் வாயில் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். கட்டணத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். இதை நாம் இன்று அறிவது எதிரிகள் எழுதியதனால் அன்று. அவரே தம் சத்திய சோதனையில் எழுதி வைத்ததனால்தான்.

இனி, தலைமையாசிரியரின் மனத்தில் எஞ்சியிருந்த மற்றொரு முள்ளைச் சொல்கிறேன். சந்நிதியை அசுத்தப்படுத்திவிட்டோம் என்ற அச்சம். மறுநாள் பகலில் கூட்டமில்லாத நேரம் பார்த்து அவரை ஆலயத்திற்கு அழைத்துச் சென்றேன். குருக்களிடம் அவரே சொன்னார். குருக்கள் சற்றும் முகம் மாறவில்லை. "சந்நிதியில் ஏதேனும் நேர்ந்துவிட்டால் சுத்தி செய்யப் புண்ணியாகவாசனம், சம்ப்ரோக்ஷணம் என்றெல்லாம் பெரியவர்கள் வழி வைத்திருக்கிறார்கள். அது எங்கள் பொறுப்பு. வருவது உங்கள் பொறுப்பு. நடந்ததற்குப் பரிகாரம் உண்டு சார், வராமல் இருப்பதற்கு என்னிடம் பரிகாரம் இல்லை" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, தம் கதை ஒன்றையும் சொன்னார். அர்ச்சனைக்கு நின்ற முதல் வாரத்தில், தட்டுகளை மாற்றி வைத்துக்கொண்டு, எண்பது வயதுப் பாட்டி ஒருவரிடம், "சீக்கிரமே நல்ல வரன் அமையும்" என்று வாழ்த்திப் பிரசாதம் கொடுத்துவிட்டாராம். பாட்டி அசரவில்லை. "தாத்தாவைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்றாராம்!

அன்று பிராகாரம் சுற்றி வரும்போது அறுபத்துமூவர் வரிசையில் சுந்தரமூர்த்தி நாயனாரின் முன்னே தலைமையாசிரியர் நின்றுவிட்டார். "இவரைவிடவா நாம் வெட்கப்பட்டுவிட்டோம், மேனேஜர்?" என்றார்.

எத்தனை உண்மை! சேக்கிழார் பெருமான் பாடிய தடுத்தாட்கொண்ட புராணத்தை எண்ணிப் பாருங்கள். திருநாவலூரில் தோன்றி, நரசிங்கமுனையரையரால் வளர்க்கப்பெற்ற நம்பியாரூரருக்குப் புத்தூரில் திருமணம். மணமகள் சடங்கவி சிவாச்சாரியாரின் மகள். சுற்றமெல்லாம் கூடியிருக்கும் வேளையில் முதியவர் ஒருவர் வந்து, "இந்த மாப்பிள்ளை எனக்கு வழிவழி அடிமை" என்கிறார். ஒரு மணமகனுக்கு இதைவிடப் பெரிய தலைகுனிவு உண்டா? கேட்டவர்களில் சிலர் சிரித்தனர். மணமகன் முதியவரைப் பித்தன் என்றார். ஓலையைப் பறித்துக் கிழித்தார்.

வங்கியில் ஆவணங்களோடு வாழ்ந்தவனுக்கு அடுத்த பகுதி மிகவும் பிடிக்கும். முதியவர் கலங்கவில்லை. கிழிந்தது படியோலை, மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. மூல ஓலையிலுள்ள பாட்டனாரின் எழுத்தை, அவரே எழுதிய வேறோர் ஓலையோடு அவையோர் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், பொருந்துகிறது. கையொப்பச் சரிபார்ப்பு அன்றைக்கே இருந்திருக்கிறது! தோற்ற நம்பியாரூரர் முதியவரின் பின்னே செல்ல, அவர் திருவருட்டுறை ஆலயத்துள் புகுந்து மறைகிறார். வந்தவர் யார் என்பது அப்போதுதான் விளங்குகிறது. என்னைப் பாடு என்கிறான் இறைவன். எப்படிப் பாடுவது என்று திகைக்கிறார் நம்பி. என்னைப் பித்தன் என்றாயே, அதையே முதலாக வைத்துப் பாடு என்கிறான்.

மானம் போனதாகக் கருதிய நாளில், கோபத்தில் வாய் தவறி வந்த சொல்தான் சுந்தரர் தேவாரத்தின் முதற்சொல் ஆயிற்று. இறைவன் அதை மறக்கச் சொல்லவில்லை, மறைக்கவும் சொல்லவில்லை. அதிலிருந்தே தொடங்கச் சொன்னான். அந்த ஊரும் தனக்கு நேர்ந்ததை மறைக்கவில்லை. மணம்தவிர்ந்தபுத்தூர் என்ற பெயரோடு இன்றும் இருக்கிறது. அன்று அந்தக் கூட்டத்தில் ஏளனத்திற்கு முதலில் ஆளானவன் இறைவனே என்பதையும் மறவாதிருப்போம். தள்ளாத கிழவராய், பலர் நகைக்க நின்றவன் அவன். நம் தள்ளாமையைப் பார்த்து அவனா முகம் சுளிப்பான்?

மனம் தெளிந்த பிறகு உடம்பையும் கவனிக்க வேண்டுமல்லவா? தலைமையாசிரியரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருந்தது. வயது ஏற ஏற ஆண்கள் மிகப் பலருக்கும் இது வருவதுதான் என்று கூறி, பரிசோதனைகள் செய்து மாத்திரை கொடுத்தார். தண்ணீரைக் குறைத்ததற்குத்தான் கடிந்துகொண்டார். நீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் தலைசுற்றலும் சேரும். முதுமையில் தலைசுற்றி விழுந்து எலும்பு முறிவது பேராபத்து. பெண்களுக்கும் பிள்ளைப்பேற்றினாலும் வயதினாலும் இடுப்புத் தசைகள் தளர்ந்து, இருமினாலும் தும்மினாலும் நீர் கசிவதுண்டு. அதற்குத் தனிப் பயிற்சிகளே இருக்கின்றன என்றார். மருத்துவரிடம் வெட்கப்படுவது வீண். அவர் தினமும் கேட்கும் கதை அது. மருந்துக் கடைகளில் பெரியவர்களுக்கான உறிஞ்சும் உள்ளாடைகளும் கிடைக்கின்றன. கண்ணுக்குக் கண்ணாடி அணிவதைப்போல அதுவும் ஒரு துணை, அவ்வளவே. ஆலயத்திற்குப் புறப்படுமுன் ஒருமுறை சென்று வருவதும், கூட்ட நாளில் வெளிவாசலுக்கு அருகே நிற்பதும் நல்லது.

அடுத்த பிரதோஷத்தன்று மாலை நான்கு மணிக்கு என் வாசலில் பழைய குரல் கேட்டது. கையில் ஒரு துணிப்பை. "இதென்ன சார்?" என்றேன். "மாற்று வேட்டி. உங்கள் பாஷையில் சொன்னால் ரிசர்வ்" என்றார். தூணருகே நின்ற வழக்கத்தை மாற்றி, வாசலுக்கு அருகில் நின்றோம். நந்தி அங்கிருந்தும் நன்றாகவே தெரிந்தார்.

இது நடந்து நான்கைந்து மாதங்கள் இருக்கும். ஒரு சனிப் பிரதோஷம்; நல்ல கூட்டம். அபிஷேகம் நடக்கும்போது தலைமையாசிரியரைப் பக்கத்தில் காணவில்லை. தேடிப் பார்த்தேன். மதிலோரம் இருட்டான இடத்தில் யாரோ ஒரு முதியவர் சுவரைப் பார்த்தபடி ஒடுங்கி நின்றிருந்தார். நம்மவர் அருகில் சென்று, துணிப்பையை அவர் கையில் கொடுத்துவிட்டு, மறைப்பாகத் திரும்பி நின்றுகொண்டார். வேட்டியை மாற்றிக்கொண்ட பிறகும் அம்முதியவர் தலையை நிமிர்த்தவில்லை. தலைமையாசிரியர் அவர் தோளில் கைவைத்து ஏதோ சொல்லத் தொடங்கினார். சற்று நேரத்தில் இருவரும் சிரிக்கும் ஒலி கேட்டது. எனக்கு ஐயம் தட்டியது. திரும்பி வந்தவரிடம், "உங்கள் கதையைச் சொன்னீர்களா?" என்று கேட்டேன்.

"என் கதையைச் சொன்னேன். அதற்கும் அவர் சிரிக்கவில்லை. அதனால் உம்முடைய பட்டாபட்டியையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்" என்றார்.

சாவி உரியவரிடம்தான் இருக்க வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன். என்னுடையதற்கு இப்போது மாற்றுச் சாவி ஒன்று அவரிடம் இருக்கிறது. திருப்பிக் கேட்பதாக இல்லை.